ஸ்டோரேஜ் மெதுவாகும்போது எங்கிருந்து அளப்பது?

பத்தாம் திகதி சம்பளம். அதற்கு முன் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு, முடிந்தாக வேண்டும். ஹட்டன் பக்கம் தோட்டக் கணக்குகள் ஓடும் அலுவலகம் ஒன்றில் சேர்வர் அறை என் பொறுப்பு. கடந்த மழைக் காலத்தில் ஒரு மாதம், வழக்கமாக நாற்பது நிமிடத்தில் முடியும் சம்பளக் கணக்கு மூன்று மணி நேரமாகியும் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டோரேஜின் (சேர்வர்களின் தரவை வைத்திருக்கும் தனி டிஸ்க் பெட்டி) மேலாண்மைத் திரையைத் திறந்தேன். பதில் நேரம் 2 மில்லிசெக்கன். தரவுத்தளம் இருக்கும் லினக்ஸ் சேர்வரில், டிஸ்க்கின் பதில் நேரத்தைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை ஓட்டினேன். அங்கே 30 மில்லிசெக்கனைத் தாண்டியிருந்தது.

ஸ்டோரேஜ் தரும் எண்ணா, சேர்வர் தரும் எண்ணா? இந்த வேலையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். இன்னும் சிலர் இரண்டையும் விட்டுவிட்டு செயற்கைச் சுமை கொடுத்து வேகம் அளக்கும் எஃப்ஐஓ கருவியைப் போட்டுச் சோதிப்போம் என்பார்கள். நிர்வாகம் புதிய டிஸ்க் வாங்கலாமா என்று கேட்கும். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவு சேர்வரிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டோரேஜின் எண் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுக்கிறவருக்கு நேரம் தொடங்குவது கொழுந்து தராசில் ஏறியபின். பத்து செக்கனில் நிறுத்து எழுதிவிட்டேன் என்று அவர் சொன்னால் அது உண்மை. மலையிலிருந்து கொழுந்தைச் சுமந்து இறங்கி வரிசையில் அரை மணி நேரம் நின்றவளுக்கு அந்தப் பத்து செக்கனால் என்ன ஆறுதல்? ஸ்டோரேஜ் தன் வாசலுக்கு வந்து சேர்ந்த கோரிக்கைக்குத்தான் கணக்கு வைக்கிறது. வழியில் தொலைந்ததைப் பற்றி அதற்குத் தெரியாது. சேர்வரின் எண்ணில் வரிசை, கேபிள், சுவிட்ச், ஸ்டோரேஜ் எல்லாம் அடங்கும். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் குறை பெட்டிக்குள். சேர்வரில் அதிகம், பெட்டியில் குறைவு என்றால் குறை நடுவழியில், அல்லது சேர்வரின் சொந்த வரிசையில்.

ஐஓஸ்டாட்டில் ஒரு குழி இருக்கிறது. பயன்பாட்டு வீதம் 100 என்று வந்தால் ஸ்டோரேஜ் திணறுகிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒற்றை டிஸ்க்குக்கு அது பொருந்தும். பல டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் பெட்டிக்கும், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கும் பொருந்தாது. அங்கே 100 என்பது எப்போதும் ஏதாவது ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்தது என்பதை மட்டுமே காட்டும். காத்திருப்பு நேரத்தையும் வரிசை நீளத்தையும் பாருங்கள். ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் சேர்வர்களை ஓட்டும் விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு அதன் ஈஎஸ்எக்ஸ்டாப் கருவி இன்னும் தெளிவாகப் பிரித்துக் கொடுக்கிறது. கேஏவிஜி என்பது சேர்வரின் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நின்ற நேரம். டிஏவிஜி வெளியே போய்த் திரும்பிய நேரம். இரண்டின் கூட்டல் ஜிஏவிஜி. கேஏவிஜி 2 மில்லிசெக்கனுக்கு மேல் நிலைத்து நின்றால் முதலில் உங்கள் சேர்வரின் வரிசை ஆழத்தை (ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளை வெளியே அனுப்பலாம் என்ற வரம்பு) பாருங்கள், ஸ்டோரேஜைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆனாலும் எங்களுக்கு விடை சராசரியில் கிடைக்கவில்லை. கோரிக்கைகளை அவை எடுத்த நேரப்படி பிரித்து எண்ணும் பயோலேட்டன்சி என்ற கருவியை, வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்துக் காட்டும்படி ஓட்டினேன். திரையில் இரண்டு கூட்டம் தெரிந்தது. மேலே முதல் இரண்டு வரிகளில் நெருக்கமாக நட்சத்திரக் குறிகள்: எல்லாம் 4 மில்லிசெக்கனுக்குள். அதற்குக் கீழே வெறும் சுழியங்கள். கடைசி வரியில், 16384க்கும் 32767 மில்லிசெக்கனுக்கும் இடையில், சில கோரிக்கைகள். லினக்ஸில் இத்தகைய டிஸ்க்குக் கட்டளை ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் இயல்பாக 30 செக்கன் காத்திருக்கும், பிறகுதான் மீண்டும் அனுப்பும். ஆயிரத்தில் ஒன்று இப்படி 30 செக்கன் நின்றால் போதும், 2 மில்லிசெக்கன் சராசரி 32 ஆகிவிடும். எங்களிடம் எல்லாக் கோரிக்கைகளும் மெதுவாகவில்லை. சில தொலைந்துபோயின.

சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டின் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கையையும் பார்த்தேன். ஒரே ஒரு போர்ட்டில் அது ஏறிக்கொண்டிருந்தது. கெபினட்டின் பின்கதவைத் திறந்தபோது அந்தப் போர்ட்டுக்குப் போகும் ஃபைபர் வடம் கதவின் கீலில் மாட்டி, நகக்கண் அளவுக்கு மடிந்து, உறையில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. வடத்தை மாற்றியபின் அந்த எண் ஏறவில்லை.

மேலாண்மைத் திரையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓரிடத்தில் அதற்கு ஈடு கிடையாது: எழுதும் கேஷின் (டிஸ்க்குக்குப் போகுமுன் எழுத்தைத் தாங்கும் வேக நினைவகம்) பற்றரி. மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இறங்கும் ஊர் இது. மின்சாரம் போய்ப்போய் வரும். பற்றரி பழுதானால் பல ஸ்டோரேஜ்கள் கேஷில் எழுதிப் பதில் சொல்வதை நிறுத்தி, டிஸ்க்கில் எழுதி முடித்தபின்தான் பதில் தரும். வாசிப்பு பழையபடி இருக்கும், எழுத்து மட்டும் பல மடங்கு நீளும். சேர்வரிலிருந்து அறிகுறிதான் தெரியும். காரணம் அந்தத் திரையில் ஒரு வரியில் எழுதியிருக்கும். அதனால் சேர்வரை அளந்த கையோடு எழுத்தும் வாசிப்பும் தனித்தனியே எப்படி என்று பார்த்து, எழுத்து மட்டும் கெட்டிருந்தால் நேரே அங்கே போங்கள்.

எஃப்ஐஓ நல்ல கருவிதான். குறை வந்தபின் அதைக் கையில் எடுப்பதுதான் தவறு. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டோரேஜில் போட்டால் ஏற்கெனவே திணறுகிற இடத்தில் இன்னும் சுமை ஏறும். கோப்பு சிறியதாக இருந்தால் முழுவதும் கேஷிலிருந்தே வந்து அழகான எண் காட்டும். எழுதும் சோதனையைக் கோப்புக்குப் பதில் நேரடியாக டிஸ்க் பெயருக்குக் கொடுத்துவிட்டால் தரவே போய்விடும். பெட்டி புதிதாக வந்த நாளில், தரவு ஏற்றுவதற்கு முன் ஓட்டி, எண்களை எழுதி வையுங்கள்.

புதிய டிஸ்க் வாங்கலாமா என்பதற்குக் கணக்கு போட்டுப் பார்த்தே விடை சொல்லலாம். நிமிடத்துக்கு 7200 சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெக்கன் எடுக்கும். சராசரியாக அரைச் சுற்று, 4.17. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் செக்கனுக்கு 80 சிதறிய வாசிப்புகள் கிடைத்தால் பெரிது. பன்னிரண்டு டிஸ்க்குக்கு 960. இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்ட் 6 முறையில் சிறிய எழுத்து ஒவ்வொன்றும் ஆறு வேலையாக மாறுவதால் எழுத்து 160தான். உங்கள் தேவை அதற்கு மேல் போய், சேர்வரும் ஸ்டோரேஜும் ஒரே மாதிரி 40 மில்லிசெக்கன் காட்டினால், தயங்காமல் எஸ்எஸ்டி கேளுங்கள். டிஸ்க் சுற்றும் நேரத்தை எந்தச் சீரமைப்பும் குறைக்காது. எங்கள் விடயத்தில் எஸ்எஸ்டிக்கான விலைமனு மேசைக்கு வந்திருந்தது. வாங்கியிருந்தால் அதே மடிந்த வடத்தில்தான் அதையும் செருகியிருப்போம்.

கொழும்பிலிருந்து பொறியியலாளர் வந்து சேர அரை நாள் ஆகும், கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஆகவே அழைக்கும்போதே சேர்வரின் எண், ஸ்டோரேஜின் எண், சுவிட்சின் பிழை எண்ணிக்கை மூன்றையும் ஒரே ஐந்து நிமிடத்தில் எடுத்து, நேரத்தைக் குறித்து அனுப்பிவிடுங்கள். சேர்வரின் மணியும் ஸ்டோரேஜின் மணியும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். எங்களுடையதில் ஏழு நிமிட வித்தியாசம் இருந்தது.