பாகுலோவைரஸின் மேல் அயல் புரதம்: எந்தக் கொக்கியில் மாட்டலாம்?

ஒரு புரதத்தை வைரஸின் மேல்பரப்பில் நிறுத்த வேண்டும் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பேஜ்தான். 1985-ல் ஜார்ஜ் ஸ்மித் காட்டிய வழி; 2018-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. சின்ன பெப்டைடு (குட்டி அமினோ அமிலச் சங்கிலி) என்றால் பேஜை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அங்கே புரதத்தைச் செய்து தருவது பாக்டீரியா. ஃப்ளூ வைரஸின் ஹீமக்ளூட்டினின் போன்ற பெரிய புரதம் அதில் ஒழுங்காக மடியாது, சர்க்கரைச் சங்கிலியும் ஏறாது. அதற்குப் பூச்சி வைரஸான பாகுலோவைரஸ்தான் தோது.

இதை வளர்க்கும் எஸ்எஃப்9 செல்கள் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து வந்தவை. 2018 முதல் நம் மக்காச்சோளக் குருத்தைக் குடைந்து தின்கிற படைப்புழுவும் அதே இனம்தான்.

சரி, புரதத்தை எதில் மாட்டுவது?

பழைய வழி, வைரஸின் சொந்த உறைப் புரதமான ஜிபி64. 1995-ல் போப்ளிக், ஜோன்ஸ் குழுவினர் எச்ஐவியின் உறைப் புரதமான ஜிபி120-ஐ இதோடு இணைத்து வெளியே காட்டினார்கள். செல்லுக்குள் நுழையவும் வெளியே வரவும் வைரஸுக்கு ஜிபி64 கட்டாயம் வேண்டும். அதனால் இயல்பான பிரதி ஒன்றை விட்டுவைத்து, கூடுதல் பிரதியில்தான் நம் புரதத்தைச் சேர்ப்பார்கள். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பெரும்பாலும் நம்முடையதுதான் தோற்கும். தவிர, ஜிபி64 குச்சி வடிவ வைரஸின் ஒரு முனையில்தான் கூட்டமாக நிற்கும். ஏழெட்டு அமினோ அமிலத் துண்டு என்றால் இயல்பான ஜிபி64-க்குள்ளேயே செருகிவிடலாம். ஆனால் இடம் தவறினால் வைரஸே தேறாது.

பெரிய புரதத்துக்கு நான் கைகாட்டுவது வேறு நங்கூரத்தை: மாடுகளுக்கு வாய்ப்புண் கொண்டுவரும் வெசிகுலர் ஸ்டொமாட்டைட்டிஸ் வைரஸின் ஜி புரதம். அதில் சவ்வுக்குள் பதியும் வால்பகுதி மட்டும் போதும். 2002-ல் சாப்பிள், ஜோன்ஸ் இருவரும் பச்சை ஒளிர் புரதத்தை இப்படி மாட்டியபோது, அது ஒரு முனையில் ஒதுங்காமல் வைரஸின் மேல் முழுக்கப் பரவி நின்றது. ஆன்டிபாடிக்கு எட்ட வேண்டிய புரதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது, உள்கூட்டுப் புரதமான விபி39. அது உறைக்கு உள்ளே இருக்கிறது, ஆன்டிபாடி எட்டாது. வைரஸ் செல்லுக்குள் எங்கே போகிறது என்று ஒளிரவிட்டுப் பார்க்க அருமையானது. மேல்பரப்பில் காட்டுவதற்கு இதை எடுக்காதீர்கள்.

கொக்கியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும், மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதியான புரொமோட்டரில் கோட்டை விடுபவர்கள் உண்டு. பாலிஹெட்ரின் புரொமோட்டர் வலுவானதுதான், ஆனால் மிகத் தாமதமாக வேலை செய்யும். அது உச்சத்துக்கு வரும்போது வைரஸ்கள் மொட்டுவிட்டு வெளியேறுவது குறையத் தொடங்கியிருக்கும். செல் சாற்றை வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் கோடாகக் காட்டும் சோதனை) ஓட்டினால் தடித்த பேண்ட். சுத்தப்படுத்திய வைரஸை ஓட்டினால் மங்கிய கோடு; புரதம் வைரஸில் அதிகம் ஏறவில்லை. முதல் பேண்டை நம்பி மாதக்கணக்கில் உழைப்பைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. ஐஇ1 போல முன்கூட்டியே வேலை தொடங்கும் புரொமோட்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரைக் கரைசலில் சுழற்றிப் பிரித்த வைரஸில் எந்த பேண்ட் தடிக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு எலிச் சோதனைக்குப் போங்கள்.