சம்பளத்தோடு ஆராய்ச்சிப் படிப்பு: அமெரிக்காவா, ஜேர்மனியா, ஜப்பானா, இங்கேயேயா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்தவர்களும் வவுனியா பம்பைமடுவில் விஞ்ஞானம் முடித்தவர்களும் "எந்த நாடு நல்லம்?" என்றுதான் கேட்கிறார்கள். காசு யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்துத் தெரிவதுதான் வசதி என்பேன்.

அமெரிக்காவில் அது பெரும்பாலும் பேராசிரியரின் கையில். நாலு வருடப் பட்டத்தோடு நேரே பிஎச்டிக்குப் போகலாம், முதுமாணி கட்டாயமில்லை. ஆராய்ச்சி உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ எடுத்தால் கட்டணமும் இல்லை, மாதக் காசும் வரும். ஆனால் யாரிடம் காசு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கும் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் (NSF) மானியங்களை இணையத்தில் யாரும் தேடலாம். யாருக்கு, எவ்வளவு, எப்போது முடிகிறது எல்லாம் அதில் இருக்கும். மானியம் இப்போதுதான் தொடங்கியது என்றால் அவருக்கு ஆள் தேவைப்படலாம். அவருக்கு "உங்கள் ஆராய்ச்சி மிகவும் பிடிக்கும்" என்று எழுதினால் குப்பைதான். "இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தை வைத்து இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்தேன், உங்கள் கட்டுரையிலுள்ள முறையை அந்தத் தரவில் பொருத்திப் பார்க்க விருப்பம்" என்று எழுதினால் வாசிப்பார்.

வில்லங்கம் விண்ணப்பக் கட்டணம். பல இடங்களில் 50 முதல் 100 டொலர். ஆங்கிலப் பரீட்சைக்கு வேறு காசு. ஐந்தாறு இடத்துக்குப் போட்டால் ரூபாயில் வயிறு எரியும். கட்டண விலக்குத் தருவார்களா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

ஜேர்மனியில் பிஎச்டி பெரும்பாலும் வேலை விளம்பரமாகவே வரும். ஒப்பந்தம், சம்பளம், பொதுவாக விண்ணப்பக் கட்டணமும் இல்லை. விளம்பரத்தில் 65%, 75%, 100% என்று போட்டிருப்பது முழுநேரச் சம்பளத்தின் பங்கு, அதைக் கவனியுங்கள். ஆனால் முதுமாணி இல்லாமல் கதவு திறப்பது அரிது. அதற்கு எராஸ்மஸ் முண்டஸ் இருக்கிறது: ஐரோப்பாவில் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்கும் முதுமாணி, புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1400 யூரோ.

ஜப்பானில் கல்வி அமைச்சின் மெக்ஸ்ட் (MEXT) புலமைப்பரிசிலுக்கு அரசே காசு கொடுக்கிறது. கட்டணம், விமானச்சீட்டு, மாதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யென்னுக்கு மேல். வயது 35க்குள் இருக்கவேண்டும். தூதரகம் வழியாகப் போனால் எழுத்துப் பரீட்சை, நேர்முகம், அதோடு உங்களை ஏற்க ஒரு பேராசிரியரும் வேண்டும். கையில் காசில்லாதவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். போட்டி கடுமை, சரி, ஆனால் தோற்றாலும் கொழும்புக்குப் போய்வந்த பஸ் காசுதான் போகும்.

உள்ளூரில் மானியத் திட்டமொன்றில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தால் சம்பளம் சொல்லும்படி இராது. பொறியியல்காரருக்கு நல்ல புள்ளி இருந்தால் இதில் நிற்கத் தேவையில்லை. மூன்று வருடப் பொதுப் பட்டம் மட்டும் உள்ளவருக்குக் கதை வேறு. அமெரிக்காவில் பல இடங்கள் நாலு வருடம் கேட்கும். அவர் இங்கேயே உதவியாளராகச் சேர்ந்து, ஒரு கட்டுரையும் தன் வேலையைக் கண்ணால் கண்டவர் எழுதும் பரிந்துரைக் கடிதமும் சேர்த்துக்கொண்டு, அப்புறம் ஜப்பானுக்குப் போடட்டும்.