விலை குறைந்தது சரி, மாத்திரை ஏன் மாதாமாதம் மாறுகிறது?

அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றுக்கும் மாத்திரை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மருந்து வாங்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது. முதலில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை, பிறகு ஐந்து ரோடு பக்கம் திறந்த, பல கிளைகள் உள்ள ஒரு தொடர் நிறுவனக் கடை. இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். தொடர் கடை வந்த பிறகுதான் எங்கள் தெருமுனைக்காரர் தள்ளுபடி என்ற சொல்லையே எடுத்தார். அதற்கு முன் அட்டையில் அச்சிட்ட விலையில் ஒரு ரூபாய் குறையாது. அங்கே 20 சதவீதம் என்று பலகை வைத்ததும் இங்கே 10, பிறகு 15. போட்டியால் எங்கள் பட்ஜெட் மூச்சு விட்டது. சர்க்கரைக்கான எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை ஒன்று கிட்டத்தட்ட 60 ரூபாயாக இருந்தது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் வேறு பல கம்பெனிகள் இறங்கின. இன்று பத்து ரூபாய்க்குக் கீழேயும் கிடைக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நோயாளி வீட்டுக்காரர்களுக்கு இவையெல்லாம் பெரிய விஷயம்.

ஆனால் தள்ளுபடிப் பலகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு அரசு உச்ச விலை வைக்கிறது. சில்லறைக் கடைக்காரரின் லாபமாக 16 சதவீதம் சேர்த்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனி வைப்பதுதான் விலை. ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. டாக்டரிடம் பிரதிநிதி அனுப்பாமல் கடைக்காரரை நம்பி விற்கும் ஜெனரிக் அட்டைகளில் அச்சிட்ட விலைக்கும் கடைக்கு வந்து சேரும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியிலிருந்து இருபதைத் தூக்கிக் கொடுப்பது பெரிய தியாகம் அல்ல. ஒரு மாத்திரை எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். அது ஒன்றுதான் கணக்கு.

இனி என்னை இத்தனை மாதமாக உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். தொடர் கடையில் மாத்திரை மாறிக்கொண்டே இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு மருந்தும் சேர்ந்த மாத்திரை. ஒரு மாதம் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் இளஞ்சிவப்பு. அடுத்த மாதம் பச்சையும் வெள்ளையும். அதற்கடுத்து முழு வெள்ளை, சற்றே நீளம். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அட்டையில் தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. பிராண்டு பெயரைவிட மருந்தின் பெயரைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் அவருக்கு என்ன பயன்? அவர் மருந்தைத் தெரிந்துகொள்வது விரலால். கொலுசுக் கண்ணி பற்றவைத்த விரல்கள். மாத்திரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, நடுக்கோட்டை நகத்தால் தடவி, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

அப்படியும் ஒரு நாள் தப்பியது. பழைய கம்பெனியின் அட்டையில் நான்கைந்து மீதி இருந்தது. புதிய கம்பெனியின் அட்டையை டாக்டர் சேர்த்துக் கொடுத்த வேறு மாத்திரை என்று அம்மா எண்ணி, இரண்டிலும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டார். பதினொரு மணிக்கு அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 60க்கும் கீழே. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம், நல்லவேளை, தெளிந்துவிட்டார். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மருந்தாளுநர் தம்பி பொறுமையாகத்தான் சொன்னார்: "மாலிக்யூல் ஒன்றுதான் சார்." உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான் என்கிறார். உண்மைதான். ஆனால் என் அப்பா மாலிக்யூலைப் பார்த்து விழுங்குவதில்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கம்பெனி சரக்கு எந்த மாதம் அலமாரிக்கு வரும் என்பதை அவர் முடிவு செய்வதில்லை. யார் அதிக ஸ்கீம், அதாவது கடைக்கான சலுகை, கொடுக்கிறாரோ அவருடையது வருகிறது, இல்லையென்றால் அந்தத் தொடர் கடை நிறுவனத்தின் சொந்தப் பெயரில் அடித்தது வருகிறது. டாக்டர் பிராண்டு பெயர் எழுதிய சீட்டுக்கு வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகளில் 65(11ஏ) சொல்கிறது. சொன்னால் போதுமா? கேட்பவர் யார்?

தெருமுனைக் கடையிலும் குறை உண்டு. கேட்டால்தான் பில். அட்டையைப் பாதியாக வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கம் சில சமயம் அவரிடமே தங்கிவிடும். தொடர் கடையில் பேட்ச் எண்ணோடு பில் வரும், மருந்தாளுநர் எப்போதும் இருக்கிறார், இரவு பத்தரைக்குப் போனாலும் கதவு திறந்திருக்கிறது. எதை வைத்து எடை போட்டாலும் தட்டு அந்தப் பக்கம்தான் தாழும்.

ஆனால் தெருமுனை அண்ணனிடம் நீளமான ஒரு நோட்டு இருக்கிறது. அப்பா பெயருக்கு நேரே மருந்து மட்டுமல்ல, கம்பெனியும் எழுதியிருக்கிறது. சரக்கு இல்லையென்றால் ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது மொத்த வியாபாரிக்கு, ஃபோன் போட்டு மாலைக்குள் வரவழைப்பார். ஒரே ஒரு முறை கம்பெனியை மாற்ற வேண்டி வந்தது. கல்லாவை விட்டு எழுந்து வந்து, "பழையதை எல்லாம் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அப்பாவிடம் காட்டிவிட்டு இதைப் பிரியுங்கள்" என்றார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் தன் அம்மாவுக்காக எங்கே வாங்குவது என்று போன வாரம் கேட்டார். தெருமுனைக் கடை என்றேன். விலை கூடுதலா என்றார். ஆமாம், எங்களுக்கு மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுகிறது; நான் கொடுக்கிறேன். மலையிறங்கி வருபவர் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து, ஒரே கம்பெனி, ஒரே பேட்ச், முழு அட்டையாக வாங்குங்கள் என்றும் சொன்னேன்.

தொடர் கடையின் கணினியில் எங்கள் ஃபோன் எண் இருக்கிறது. மாத்திரை தீரும் நாளைக் கணக்கிட்டுக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். போன மாதம் எந்தக் கம்பெனி கொடுத்தார்கள் என்பதும் அதே கணினியில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக் கொடுக்க அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யத் தொடங்கும் வரை எங்கள் வீட்டு மருந்துச்சீட்டு அந்தக் கடைக்குப் போகாது.