பவானியா, கொடுமுடியா?

ஈரோட்டிலிருந்து ஒரு நாள் காவிரிக் கரை ஊருக்குப் போக வேண்டுமென்றால் நான் பவானியைத்தான் சொல்வேன். பவானி ஆறு காவிரியில் சேரும் கூடுதுறையில் சங்கமேஸ்வரர் கோயில். ஆடி அமாவாசைக்கும் ஆடிப்பெருக்குக்கும் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அந்த ஊரின் உயிர் தறிக்குழியில் இருக்கிறது. பருத்தி நூலில் பட்டை பட்டையாகக் கைத்தறியில் நெய்யும் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கொங்குநாட்டில் கல்யாணப் பந்தி, பஞ்சாயத்து எல்லாமே அதன்மேல் உட்கார்ந்து நடந்தவைதான். இன்று விசைத்தறி விரிப்பு மலிவு. கைத்தறிக்காரருக்குக் கூலி கட்டுப்படியாவதில்லை. போகிறவர்கள் பேரம் பேசாமல் ஒன்று வாங்கி வாருங்கள்.

கொடுமுடி அதைவிடச் சின்ன ஊர், பேரூராட்சி. மகுடேஸ்வரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என மூவரும் ஒரே கோயிலில். பங்குனி உத்திரத்துக்கு இங்கே தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடப்பார்கள். அந்த நாட்களில் ஊரே விழித்திருக்கும். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த மண்ணும் இதுதான்.

பவானியில் ரயில் நிலையம் கிடையாது, பேருந்துதான். கொடுமுடிக்குக் கரூர் ரயிலில் போய் இறங்கிவிடலாம். வயசான அம்மா, அப்பா கூட வருகிறார்கள் என்றால், சரி, கொடுமுடிக்கே போங்கள்.