லூமன் பாத்து வாங்குனேன், கடைசில காப்பாத்துனது ஆர்ம் தான்

தண்ணிக்கடியில வீடியோ எடுக்க ஒரு வருஷமா இந்த லைட் செட்டோட இறங்கிட்டு இருக்கேன். ரெண்டு வீடியோ லைட் (பெட்டி மேல ஒவ்வொண்ணும் 6000 லூமன்னு கொட்டை எழுத்துல, லூமன்னா வெளிச்சத்தோட அளவு), கேமராவ உக்கார வெக்க ரெண்டு கைப்பிடி வெச்ச அலுமினியம் ட்ரே, லைட்ட தாங்குற நாலு ஆர்ம், ஆர்ம்கள இணைச்சு பிடிக்கிற ஆறு கிளாம்ப். கம்பெனி பேரு சொல்லல, பேர்ல ஒண்ணும் இல்ல, எதை பாத்து வாங்கணும், வாங்குனத எங்க மாட்டணும், அது ரெண்டுதான் மேட்டர்.

மொத டைவ்ல நடந்தத கேளுங்க. ரெண்டு லைட்டையும் கேமரா ஹவுசிங்குக்கு (தண்ணி புகாத கூடு) ஒட்டுனாப்ல ரெண்டு பக்கமும் மாட்டி நேரா முன்னாடி பாக்க வெச்சு, ஃபுல் பவர் போட்டு அரை மணி நேரம் ஷூட் பண்ணிட்டு பெரிய ஹீரோ மாதிரி மேல வந்தேன். கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா மீனக் காணோம், ஒரே பனி கொட்டுது! தண்ணில மெதக்குற தூசி, மணல், பொடிப்பொடி உசுருங்க எல்லாம் லென்ஸுக்கு நேர் முன்னாடி வெளிச்சம் பட்டு வெள்ளை வெள்ளையா மின்னுது, இதத்தான் பேக்ஸ்கேட்டர்னு சொல்றாங்க. லைட் பவர் கூடக்கூட பனியும் கூடும், அப்ப 6000 லூமன் எனக்கு எதிரியாதான் வேலை பாத்துருக்கு.

கூட டைவ் பண்ற அண்ணன் ஒருத்தர் வீடியோவ பாத்துட்டு சிரிச்சாரு. "தம்பி, லைட்ட மீன் மேல அடிக்காத, மீனுக்கு ரெண்டு பக்கமும் அடி"ன்னாரு. அப்ப மண்டைல ஏறல. அடுத்த டைவ்ல அவரே என் ஆர்ம நல்லா அகலமா விரிச்சு, லைட் தலைய லென்ஸுக்கு கொஞ்சம் பின்னாடி தள்ளி, லேசா வெளிப்பக்கம் பாக்க திருப்பி விட்டாரு. ரெண்டு வெளிச்சத்தோட ஓரமும் சரியா மீன் நிக்கிற எடத்துல தான் சந்திக்குது, லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவுல இருக்குற தண்ணி இருட்டாவே கெடக்கு, தூசி இருந்தாலும் வெளிச்சம் படாததால கேமராவுக்கு தெரியல. அதே லைட்டு, அதே கலங்கல் தண்ணி, வீடியோ மட்டும் வேற. அதனால லைட்டுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி ஆர்முக்கு பண்ணுங்க. வைட் ஷாட்டுக்கு நீள ஆர்ம் ஒரு பக்கத்துக்கு ரெண்டு வேணும், சின்ன நத்தை, இறால் எடுக்கும்போது அதையே மடக்கி உள்ள கொண்டு வந்துக்கலாம்.

லைட்டே எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு. தண்ணி மொதல்ல முழுங்குறது சிவப்பைத்தான், 5 மீட்டர்லயே மங்க ஆரம்பிச்சு 10 மீட்டர் தாண்டுனா கிட்டத்தட்ட காணாமப் போயிடும், 20 மீட்டர்ல கை கீறி ரத்தம் வந்தா அது பச்சையா தெரியும் (பாத்துருக்கேன், ஒரு நிமிஷம் பயந்துட்டேன்). நம்ம லைட்டுக்கும் அதே கதி தான். ஒரு மீட்டர் தள்ளி இருக்குற மீனுக்கு வெளிச்சம் போக ஒரு மீட்டர், திரும்பி லென்ஸுக்கு வர ஒரு மீட்டர், ஆக ரெண்டு மீட்டர் தண்ணிய தாண்டணும். பகல்ல ஒன்றரை மீட்டருக்கு மேல என் லைட் ஒண்ணும் கிழிக்கல, அதுக்கு லூமன கொறை சொல்லி புண்ணியமில்ல, கிட்ட போகணும் அவ்வளவு தான். இன்னொண்ணு, லைட் போட்டா, போன சிவப்ப மீட்க லென்ஸ்ல மாட்டுற சிவப்பு ஃபில்டர கழட்டிடுங்க, இல்லாட்டி கிட்ட இருக்குற மீன் மட்டும் குங்குமத்துல முக்கி எடுத்தாப்ல வரும்.

பெட்டில பீம் (வெளிச்சம் விரியுற கோணம்) 120 டிகிரின்னு போட்டிருந்துச்சு. அது காத்துல. முன்னாடி கண்ணாடி தட்டையா இருந்தா தண்ணிக்குள்ள போனதும் வெளிச்சம் வளைஞ்சு சுமார் 80 டிகிரிக்கு சுருங்கிடும், என்னோடது தட்டை கண்ணாடிதான், வைட் லென்ஸ் போட்டா ஓரமெல்லாம் இருட்டு. டோம் கண்ணாடி (குமிழ் மாதிரி வளைஞ்சது) வெச்சது கெடச்சா அதையே எடுங்க. சிஆர்ஐ (கலர எவ்வளவு நெஜமா காட்டுதுங்குற அளவு) 90க்கு மேல இருக்கான்னும் பாருங்க, இதுல இருந்துச்சு, பவளம், மீன் தோல் கலரெல்லாம் நெஜமா வருது, அந்த விஷயத்துல குத்தம் சொல்ல மனசு வரல.

இப்ப நான் பண்ண கூத்து. லைட்டுக்கு ஓ-ரிங் (தண்ணி புகாம தடுக்குற ரப்பர் வளையம்) இருக்கு, சிலிகான் கிரீஸ் லேசா, பளபளன்னு தெரியுற அளவுக்கு தடவணும், ஒரு தலைமுடி மாட்டிக்கிட்டா கூட தண்ணி உள்ள பூந்துரும், அதெல்லாம் ஒழுங்கா பண்ணேன். பண்ணிட்டு சும்மா இருக்காம ஆர்ம் முனைல இருக்குற ஒரு இன்ச் உருண்டைலயும் (இத பால்னு சொல்வாங்க, கிளாம்ப் கவ்வுறது இதத்தான்) கருப்பா ஓ-ரிங் இருக்கேன்னு அதுக்கும் தடவிட்டேன். அது தண்ணி தடுக்குறதுக்கு இல்லங்க, கிளாம்ப் வழுக்காம பிடிக்கிறதுக்கு! 12 மீட்டர்ல ஒரு விலாங்கு பொந்துலேருந்து தலைய நீட்டுற நேரம் பாத்து ரெண்டு லைட்டும் தலை தொங்கிருச்சு, நானும் எத்தன வாட்டி தூக்கி நிறுத்துனாலும் தூக்கக் கலக்கத்துல பஸ்ல போறவன் தல மாதிரி மெதுவா மெதுவா சாயுது. விலாங்கு உள்ள போயிடுச்சு. மேல வந்து சோப்பு போட்டு கழுவுன பிறகு தான் நின்னுச்சு.

கிளாம்ப்ல உண்மையாவே ஒரு குறை இருக்கு. திருகுற குமிழி ரொம்ப சின்னது, கையுறை போட்டா பிடி கெடைக்கல, ஒரு மணல் துகள் போயிட்டா திருகு கரகரன்னு மாட்டிக்குது. ஆறுல ரெண்ட மாத்தியாச்சு.

வெயிட்டும் பாத்துக்கோங்க. லைட் ரெண்டும் தண்ணிக்குள்ள மூழ்குற கனம், ஒரு டைவ் முடிஞ்சா மணிக்கட்டு கழண்டுரும். ரெண்டு ஆர்ம கழட்டிட்டு மெதக்குற ஆர்ம் போட்டேன், இப்ப கைய விட்டா மெதுவா கீழ எறங்குது, அது போதும். பேராசப்பட்டு மிதவை அதிகமா போட்டீங்கன்னா லைட்டு மேல இழுத்து கேமரா மூக்கு வானத்த பாக்கும்.

பேட்டரி ஃபுல் பவர்ல 50 நிமிஷம்னு சொன்னாங்க, எனக்கு 40 தாண்டுனதில்ல. பாதி பவர்ல வெச்சு தேவப்படும்போது மட்டும் ஏத்துனா ரெண்டு டைவ் வருது. படகுல வெச்சு ஆன் பண்ணி பாக்காதீங்க, தண்ணி இல்லாம சூடேறி தானா பவர கொறச்சிக்குது. ஃப்ளைட்ல போறவங்க எக்ஸ்ட்ரா பேட்டரிய கைப்பையில தான் வெக்கணும், பேட்டரி கொள்ளளவு 100 வாட்-அவர் வரைக்கும் பிரச்சன இல்ல.

ஸ்டில் போட்டோ மட்டும் தான் எடுப்பீங்கன்னா இது வேணாம், ஸ்ட்ரோப் (தண்ணிக்குள்ள போடுற ஃப்ளாஷ்) வாங்குங்க, கண்ண மூடி திறக்குறதுக்குள்ள அத்தன வெளிச்சத்தையும் ஒரே அடியா கொட்டி மீன அப்படியே நிறுத்திடும், வீடியோ லைட்ல எடுத்தா வேகமா போற மீன் வால் இழுபடும்.

இதுல இருக்குற செவப்பு லைட் மோட நான் கண்டுக்கவே இல்ல, ராத்திரி டைவ்ல தான் அருமை தெரிஞ்சுச்சு. வெள்ளை லைட் போட்டா மழை நாள்ல டியூப் லைட்ட ஈசல் மொய்க்கிற மாதிரி புழு வந்து மொய்க்குது, லென்ஸ் முன்னாடி ஒண்ணும் தெரியாது, இறாலும் ஓடிடும். செவப்புல வெச்சு ஃபோகஸ் பண்ணிட்டு ரெக்கார்ட் பண்ற நேரம் மட்டும் வெள்ளைக்கு மாறிக்கிறேன். ஆனா அதுக்கு ஒரே பட்டன மூணு வாட்டி அழுத்தணும், இருட்டுல எண்ணிக்கை தப்புனா லைட்டே அணைஞ்சிடுது. அதனால நடுவுல மாட்டுறதுக்கு தனியா ஒரு குட்டி செவப்பு லைட் சொல்லி வெச்சிருக்கேன், ஹவுசிங் தலைல அதுக்கு ஒரு பால் ஏற்கனவே காலியா கெடக்கு.