கொல்லிமலைச் சாலையில் ஒன்பது ஆண்டுகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டுக்கு ஏறும் சாலையில் ஒன்பது ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஓரிரு முறை போய் வருகிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டர், 150 சிசி பைக், நண்பரின் கார், அரசுப் பேருந்து என நான்கிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். இந்தச் சாலையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பாடம் கற்பித்தது இறக்கம்தான்.

முதல் பயணம் ஸ்கூட்டரில். ஏறும்போது வண்டி திணறியதே தவிர, வேறு தொல்லை இல்லை. மறுநாள் இறங்கும்போது, முப்பதாவது வளைவை நெருங்கிய இடத்தில், பின் பிரேக்கை முழுவதுமாக அழுத்தியும் வேகம் குறையவில்லை. தீய்ந்த ரப்பர் போன்ற வாடை மட்டும் வந்தது. முன் பிரேக்கின் தயவில், வளைவுக்குச் சற்று முன்பு ஓரச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் டிரம் சூடேறி, பிரேக் ஷூ பிடிப்பை இழந்திருந்தது. இத்தகைய ஸ்கூட்டர்களில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது மிகக் குறைவு என்பதால், இறக்கத்தின் சுமை முழுவதும் பிரேக்கின் மீதே விழுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே கிளம்ப முடிந்தது. அதற்குள் குரங்கு ஒன்று என் பையிலிருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துச் சென்றுவிட்டது என்பது தனிக் கதை.

பைக்குக்கு மாறிய பின் இந்தச் சிக்கல் மீண்டும் வரவில்லை. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் சொல்வதை அப்படியே பின்பற்றுகிறேன். பெரும்பாலும் இரண்டாவது கியர், மிகக் குறுகிய திருப்பங்களில் முதல் கியர். வளைவுகளுக்கு எண் எழுதிய பலகைகள் உள்ளதால், எத்தனை மிச்சம் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். எதிரே மேலேறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பதே முறை. சுமை ஏற்றிய லாரி வளைவின் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி நகர்வது எவ்வளவு கடினம் என்பதை ஒரு முறை பார்த்தவர்கள் ஹாரனை அடிக்க மாட்டார்கள்.

முதன்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பேருந்துதான். தலைசுற்றல் வரும் வாய்ப்பு உண்டு. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு புடைக்கவும் வேண்டாம். ஆனால் பேருந்தில்தான் இந்த மலை ஒரு சுற்றுலாத் தலம் மட்டுமன்று என்பது புரியும். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என இங்குள்ள ஊராட்சிகள் ‘நாடு’ என்றே பெயர் கொண்டவை. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். கேரளத்தோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பலவற்றை, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. சாமைச் சோறு கேட்டால் ‘முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்’ என்பதே பல இடங்களில் கிடைக்கும் பதில். மிளகும் பலாவும் மட்டும் என்னை ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் பாடுகிறார். அந்தப் பாடலை வகுப்பறையில் படித்தபோது மிகையாக மட்டுமே தோன்றியது. மரங்கள் நெருங்கிய சரிவுகளைப் பார்த்த பிறகு, இதில் ஒன்றையாவது கண்டறிந்து குறிபார்ப்பதே பெரிய வித்தை என்று தோன்றுகிறது. ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, இம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதையும் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆடிப்பெருக்கை ஒட்டி ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழும் இடத்தில் நிற்பதற்கு அந்த உழைப்பு தகும். இங்கும் இறங்குவதை எளிது என்று எண்ணிவிட வேண்டாம். சென்ற முறை பாதிப் படியிலேயே முழங்கால் நடுங்கத் தொடங்கியது. ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றே மலையிறங்கும் திட்டத்தைக் கைவிட்டுச் செம்மேட்டில் தங்கினேன். காலையில் மூடுபனி விலகும் வரை காத்திருந்து, ஒன்பது மணிக்கு மேல் இரண்டாவது கியரில் இறங்கினேன்.