மன அழுத்தத்துக்கு மூலிகை கோர்ஸ்னு சொல்லி 18,600 ரூபா புடுங்கிட்டாங்க, தயவுசெஞ்சு படிங்க

கோவத்துல கை நடுங்குது, தப்பு தப்பா டைப் ஆனா மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு காலைலதான் என் நம்பர பிளாக் பண்ணாங்க. மொத்தம் 18,600 ரூபா, சீட்டு எடுத்த பணம். பேர் போடல, கேஸ் கீஸ்னு அலைய என் உடம்புல தெம்பு இல்ல. ஃபோன்ல விளம்பரம் பாத்து வாங்கற ஆன்லைன் மூலிகை கடை, அவ்வளவுதான் சொல்வேன். எதெல்லாம் பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன்.

அப்பா போன ஆடில தவறிட்டாரு. அதுல இருந்து தூக்கம் போச்சு, சமையல்கட்டுக்குள்ள போனா எதுக்கு வந்தேன்னே மறந்துரும், குளிக்கக்கூட எழுந்திரிக்க முடியல. வீட்டுக்காரர்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாரு. டிப்ரஷன்னு சொல்லி எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் எழுதினாரு, பலன் தெரிய சில வாரம் ஆகும், நீங்களா நிறுத்திடாதீங்கன்னாரு. ஒழுங்காதான் போட்டுட்டு இருந்தேன். ஆனா மாமியார் "பைத்தியத்துக்கு போடற மாத்திரையா இது"ன்னு கேட்டது மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. அந்த நேரம் பாத்து இந்த விளம்பரம். சித்தர் காலத்து மூலிகை, பக்கவிளைவே இல்ல, 90 நாள்ல மனசு லேசாகிடும்னு.

நம்பர் குடுத்த பத்தாவது நிமிஷம் கால். கவுன்சிலர்னு ஒரு அம்மா பேசினாங்க. மருந்த பத்தி எடுத்த உடனே பேசல, "அப்பாவுக்கு என்ன சாப்பாடுடா தங்கம் பிடிக்கும்"னு கேட்டாங்க. வத்தக்குழம்புன்னு சொல்றதுக்குள்ள அழுதுட்டேன். அவர் போனதுல இருந்து யாருமே என்கிட்ட அத கேக்கல. நான் அழுது முடிக்கற வரைக்கும் அந்தம்மா லைன்லயே இருந்தாங்க, நாப்பது நிமிஷம். அந்த ஒரு கேள்விக்குதான் நான் இவ்வளவு பணத்தையும் குடுத்திருக்கேன்னு இப்ப நெனச்சா வயிறு எரியுது.

முதல் கிட் 3,200. அமுக்கரா, வல்லாரை, பிரம்மின்னு தெரிஞ்ச பேரா போட்டிருந்துச்சு, தைரியமா சாப்பிட்டேன், டாக்டர் குடுத்த மாத்திரையோட சேர்த்துதான். ஒரு வாரத்துல கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயித்தால வேற போகுது. ஃபோன் பண்ணா, இங்கிலீஷ் மாத்திரை கெமிக்கல்டா தங்கம், அதுதான் மூலிகையோட சண்டை போடுது, அத விட்டுருன்னாங்க. விட்டேன். ஒரே நாள்ல. அப்புறம் தலைய திருப்பினா உள்ள கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு, நிக்க முடியாம கிறுகிறுன்னு வருது, அதுக்கும் "நஞ்சு வெளியேறுது, நல்ல அறிகுறி"ன்னு சொல்லி அடுத்த கிட் 6,400. பாதில விட்டா முன்னவிட மோசமா திரும்ப வரும்னு பயமுறுத்தி மூணாவது 9,000. கூட்டிப் பாருங்க, 18,600.

மூணாவது மாசம் மூணு நாள் படுக்கைய விட்டே எழுந்திரிக்கல. பிள்ளை ஸ்கூலுக்கு சாப்பாடு இல்லாம போயிருக்கு, எனக்கு தெரியவே இல்ல. வீட்டுக்காரர் டப்பாவோட என்னையும் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினாரு. டப்பா பின்னாடி பொடி எழுத்துல ஹைபெரிகம்னு இருந்தத டாக்டர்தான் கண்டுபிடிச்சாரு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கற மஞ்சப்பூ செடியாம், ஜெர்மனில லேசான டிப்ரஷனுக்கு டாக்டருங்களே எழுதுவாங்களாம், வேலை செய்யாதுன்னு அவர் சொல்லல. ஆனா எஸ்சிடலோபிராமோட சேர்ந்தா உடம்புல செரோடோனின்ங்கற ரசாயனம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்னாரு, எனக்கு வந்த நடுக்கமும் படபடப்பும் அதோட ஆரம்பமாத்தான் இருக்கும்னாரு. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க போடற வார்ஃபரின், இதோட பலனையெல்லாம்கூட அது குறைச்சுருமாம். அந்த கரண்ட் அடிச்சது நஞ்சும் இல்ல ஒண்ணும் இல்ல, மாத்திரைய திடீர்னு நிறுத்தினதால வந்தது.

பணத்த கேட்டேன். தங்கம்னு கூப்பிட்ட அதே அம்மா "மேடம், சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது"ன்னாங்க. அடுத்த நாள் வேற ஒருத்தர், மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு. அதுக்கடுத்த நாள் "உங்களுக்கு மருந்து மேல நம்பிக்கை இல்ல, அதான் கேக்கல". மாத்திரைய விடச் சொன்னீங்களேன்னு கேட்டதுக்கு, நாங்க அப்படி சொல்லவே இல்ல, இது மருந்தே இல்ல மேடம், ஃபுட் சப்ளிமென்ட்னு ஒரு பையன் சொல்றான். மருந்தே இல்லாத ஒண்ணுக்கு 18,600 ரூபாயா? இன்னைக்கு காலைல வாட்ஸ்அப்ல ஒத்த டிக்கோட நின்னுருச்சு.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், முடியல, தலை வலிக்குது. சித்த, ஆயுர்வேத மருந்துன்னா டப்பால மருந்து லைசன்ஸ் நம்பர், பேட்ச் நம்பர் இருக்கணும், வெறும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு) நம்பர் மட்டும் இருந்தா அது உணவுப்பொருள். மூலிகையா இருந்தாலும் டாக்டர்கிட்ட டப்பாவ காட்டாம வாய்ல வைக்காதீங்க. போட்டுட்டு இருக்கற மாத்திரைய எவன் சொன்னாலும் பட்டுனு நிறுத்தாதீங்க. யார்கிட்டயாவது பேசணும்போல இருந்தா 14416 டெலி மானஸ்னு மனநல உதவி லைன், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நுகர்வோர் புகாருக்கு 1915, நான் போட்டுட்டேன், இதே மாதிரி கிட் வாங்கினவங்க பில்லு, டப்பா எதையும் தூக்கிப் போடாம நீங்களும் போடுங்க.

டாக்டர் பழைய மாத்திரையவே கம்மி டோஸ்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்காரு. இன்னைக்கு ஆறாவது நாள்.